ஏழு செல்லன்களில் பெரியது

உங்கள் மேசை சுத்தமாக இருக்கிறது தம்பி. வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன். ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் என் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். எனக்கு அவ்வளவாகப் பயமில்லை. கொஞ்சநஞ்சம் இருந்ததும் இந்த மேசையைப் பார்த்ததும் போய்விட்டது. இப்படி மேசை வைத்திருக்கிறவருக்கு நான் சொல்வது புரியும்.

நீங்கள் தட்டிக்கொண்டே வாருங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். முப்பது வருடம் நானும் தட்டியவள்தான். எதிரில் இருக்கிறவர் அவசரமாகப் பேசினால் விரல் படுகிற பாடு எனக்குத் தெரியும். கை வலித்தால் சொல்லுங்கள் கண்ணு, நிறுத்திக்கொள்கிறேன்.

பெயர் பெரியம்மாள். வயது ஐம்பத்தொன்பது. கச்சிராயபாளையத்தில் உரக்கடை மாடியில் இருக்கிற மலைச்சாரல் உழவர் சங்கத்தில் ஆபீஸ் வேலை. சங்கத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைத் தினமும் தொடுகிற ஆளும் நான் ஒருத்திதான். மலையில் இருக்கிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, இதெல்லாம் என் வேலை.

சின்ன வயசிலிருந்தே எனக்கு அடைசல் ஆகாது. ஒரே மாதிரி இரண்டு பொருள் வீட்டில் இருந்தால் தூக்கம் வராது. இரண்டு முறம் எதற்கு, இரண்டு சீப்பு எதற்கு? என் மாமியார் உயிரோடு இருந்தபோது இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார். ஒன்றை எடுத்துப் போட்டேன். படிக்கிற கண்ணாடி வேறு, நடக்கிற கண்ணாடி வேறு என்று பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு அவர் அதிகம் நடக்கவில்லை. அலமாரி என்னவோ பார்க்க லட்சணமாக ஆகிவிட்டது. இதை எழுத வேண்டாம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் காட்டை ஒட்டி உழுகிற பலருக்கு நிலத்துக்குக் காகிதம் கிடையாது. காலங்காலமாக உழுகிறோம் என்று காட்டினால் உரிமை கிடைக்கும். எதை வைத்துக் காட்டுவது? அந்த வீட்டுப் பெரியவர் நிலத்தில் நின்று, இதிலிருந்து இதுவரை எங்களுடையது என்று எல்லையைக் காட்டிச் சொல்கிற சாட்சிதான் அவர்களுடைய காகிதம். மாசி மாதத்தில் எங்கள் சங்கத்து சரத்குமார் மலை ஏறி, ஒவ்வொரு நிலமாகப் போய், முப்பத்தெட்டுப் பெரியவர்கள் பேசுவதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். அதில் ஏழு பேருக்குச் செல்லன் என்று பெயர்.

நான் அப்போதே கேட்டேன்.

"இன்னா சரத்து, எல்லாருமே செல்லனா?"

"ஆமாக்கா. ஒரு செல்லனைக் கூப்ட்டா மூணு வூட்டுக் கதவு தொறக்குது."

மலையில் அப்படித்தான். தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். பேரைச் சுமப்பதால்தானே அவன் பேரன். அந்த மலையில் பத்து வீட்டுக்கு ஒரு செல்லன் இருப்பான், அவன் பேரன் இன்னொரு செல்லனாக இருப்பான்.

சரத்குமார் படங்களை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினான். தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் போடவில்லை. செல்லன் என்று மட்டும் தட்டினான். இரண்டாவது செல்லனை ஏற்றும்போது கம்ப்யூட்டர் தானாகவே பக்கத்தில் இரண்டு என்று போட்டுக்கொண்டது. அடுத்ததற்கு மூன்று. இப்படியே ஏழு வரை. ஏற்றி முடித்ததும் அவன் போனை வாங்கிப் பார்த்தேன். தொட்டால் அசையவில்லை.

"இன்னாடா இது, இப்புடி ஹேங் ஆவுது? அதான் இங்க ஏத்தியாச்சே. போன்ல இருக்கறத தொடச்சி வுடு, நல்லா ஓடும்."

"ஒண்ணு கெடக்கட்டுமேக்கா, ஒரு சேப்டிக்கு."

"ஒரே மாதிரி ரெண்டு எதுக்குடா?"

துடைத்தான். போன் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. அடுத்த மாதமே ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நல்ல பையன். அவனை இதில் இழுக்காதீர்கள்.

வைகாசியில் மலையிலிருந்து ஒரு அம்மா வந்தாள். வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்றாள். என் வயதுதான் இருக்கும். தலையில் ஒரு சாக்கு, அதில் மரவள்ளிக் கிழங்கு. எனக்குத்தான்.

"எங்கப்பாரு செல்லன் பங்குனில பூட்டாருங்க. இந்த டப்பாவுல அவரு பேசறாருன்னு சரத்து சொல்லிச்சி. ஒருக்கா பாத்துக்கினு போலாம்னு வந்தேன்."

"உன் பேரு இன்னாம்மா?"

"பெரியம்மாளுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் பேரும் பெரியம்மாதாம்மா."

அவள் சாக்கை இறக்கி வைத்து இடுப்பில் கை வைத்தாள். "அய்ய, நீயும் பெரியம்மா, நானும் பெரியம்மா. அப்ப யாருதான் சின்னம்மா?"

"நீ ஒல்லியா இருக்கற. நீதான் சின்னம்மா."

"சோறு நீ துண்ற, பேரு மட்டும் பாதியா?" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் கீழே உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் அப்பாவின் படத்தைத் தேடிப் போட்டுக் காட்டினேன். ஏழிலும் அதுதான் சிறியது, ஒன்றரை நிமிடம். அவர் அதிகம் பேசாத மனிதர். கோவணமும் தலைத்துண்டுமாக ஒரு பாறை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இந்தக் குந்தாணிப் பாறைலேந்து அந்த ரெட்டைப் பலா வரைக்கும். எங்கப்பன் உழுதான், நான் உழுதேன், எம் பொண்ணு உழுவுது. அவ்ளோதான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பின்னால் ஒரு பறவை கூவியது. "இன்னும் இன்னா சொல்லணும்?" என்று கேட்டார். படம் முடிந்தது.

எனக்கு ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக இருக்கிறது பாருங்கள். ஆகையால் அது அடியோடு போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

பெரியம்மாள் திரையில் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பத்திரமா இருப்பாருல்ல?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருப்பாரும்மா."

"எனக்கு அந்த ரெண்டு ஏக்கராதாங்க. சாமையும் வள்ளியும் அதுலதான். வேற போக்கு இல்ல. இவரு சொன்னாத்தான் அது என்னுது."

கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டோம். மாவு மாதிரி கரைந்தது.

இனி கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்கிறேன். அது மெதுவாகிக்கொண்டே வந்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, கீழே போய் டீ சொல்லி, குடித்து, டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு மேலே வந்தால் அப்போதுதான் கண் விழிக்கும். சங்கராபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் பார்க்க வருகிற ஜெயப்பிரகாஷ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

"இன்னாக்கா, சிஸ்டம் இன்னும் எந்திரிக்கலையா? நான் வேணா கோமுகி டேம்ல ஒரு குளி போட்டுட்டு வந்துடவா?"

"சோப்பு எடுத்துக்கினு போடா. தலையும் முழுவிட்டு வா, நேரம் இருக்கு."

இப்படி நாங்கள் சிரித்துக்கொள்வோம். ஆனால் சங்கச் செயலாளர் அருள்மொழி ஒருநாள் பத்துப் பேர் காத்துக்கொண்டிருக்கும்போது, "சிஸ்டமும் பழசு, தட்ற ஆளும் பழசு. ரெண்டையும் மாத்தணும்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆடி வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதால் மலையிலிருந்து யாரும் வரவில்லை. என் போனில் ஒரு பெண் பேசுகிற வீடியோ பார்த்தேன். என்ன கலகலப்பான பெண் தெரியுமா. தேவையில்லாத ஃபைல்களைத் தூக்குங்கள், உங்கள் சிஸ்டம் பறக்கும் என்றாள். எது தேவையில்லாதது என்றும் அவளே சொன்னாள். ஒரே பெயரில் பக்கத்தில் இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தால் அவை நகல்கள். அவற்றில் எது பெரியதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடுங்கள்.

பளிச்சென்று புரிகிற மாதிரி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

உட்கார்ந்து ஆரம்பித்தேன். பழைய மனுக்கள், பழைய அழைப்பிதழ்கள், யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள். பிறகு செல்லன்கள் வந்தார்கள். செல்லன், செல்லன் இரண்டு, செல்லன் மூன்று. வரிசையாக ஏழு. நான்காவதுதான் பெரியது, இருபத்திரண்டு நிமிடம். அதை வைத்துக்கொண்டேன். மற்ற ஆறையும் தேர்வு செய்து பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாகத்தான் அழிக்கிறாயா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றேன். பிறகு அதன் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏழும் ஏழு வேறு ஆட்கள் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். சரத்குமாரைக் கேட்டவளே நான்தான். பெரியம்மாளின் அப்பாவைத் திரையில் பார்த்ததும் நான்தான். அன்றைக்கு மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே போட்டுக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துமுன் கை ஒரு நொடி நின்றதென்னவோ வாஸ்தவம். விரல் வலியாக இருக்கலாம்.

மறுநாள் காலை டீ குடித்து முடிக்குமுன் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கீழே போய் எல்லோரிடமும் சொன்னேன். உரக்கடைக்காரருக்குக்கூட அவருடைய போனைச் சுத்தம் செய்து கொடுத்தேன். அன்றைக்கு டீ சூடு ஜாஸ்தி, நான் ஆற்றி ஆற்றிக் குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

ஆவணி பிறந்ததும் சங்கராபுரத்தில் நில உரிமைக் குழு கூடுகிறது என்று நோட்டீஸ் வந்தது. பெரியம்மாள்தான் முதலில் வந்தாள். கையில் புது பென்டிரைவ். வெற்றிலைப் பை மாதிரி அதைச் சுருக்குப் பையில் வைத்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"எங்கப்பார இதுல எறக்கிக் குடு."

தேடினேன். ஒரே ஒரு செல்லன் இருந்தார். அவள் அப்பா இல்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள் தம்பி. இல்லை என்று சொன்னால் அவள் அழுவாள். அழுதுகொண்டே படி இறங்கினால் பஸ்ஸை விட்டுவிடுவாள். அடுத்த பஸ் மாலையில்தான். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இருக்கிற செல்லனை இறக்கிக் கொடுத்தேன். பெயர் சரியாகத்தானே இருந்தது.

"ஒருக்கா போடேன், பாத்துக்கினு போறேன்" என்றாள்.

"இன்னிக்கு சிஸ்டம் ரொம்ப மெதுவா இருக்கும்மா. அங்க பெரிய திரையில பாத்துக்க."

"பெரிய திரையா? அப்பாரு சினிமாக்காரரு மாதிரி வருவாரு" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அந்த வாரத்தில் மற்றச் செல்லன் வீட்டுக்காரர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் அதே செல்லனை இறக்கிக் கொடுத்தேன். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று சொல்வது நியாயமில்லை. ஏழு குடும்பமும் கைகூப்பிவிட்டுப் போனது.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், நல்ல காற்று. முதலில் இருசப்பனைக் கூப்பிட்டார்கள். நான் அழிக்காமல் வைத்துக்கொண்ட அந்தப் பெரிய செல்லனுடைய மகன் அவர். படம் ஓடியது. அந்தச் செல்லன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "எம் பேரு செல்லன். இந்த ஓடைலேந்து அந்தப் புளியமரம் வரைக்கும் எங்க நெலம். இங்கதான் என்னைக் கரடி தொரத்திச்சி, அந்தக் கதையச் சொல்லட்டா?" என்று ஆரம்பித்தார். கூட்டம் ரசித்தது. குழுத் தலைவியான அந்த அம்மாகூடச் சிரித்தார்.

இரண்டாவது குடும்பம். படம் ஓடியது. எம் பேரு செல்லன், இந்த ஓடைலேந்து. ஏதோ மாறிவிட்டது என்று மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் அவர்தான். மூன்றாவது குடும்பத்துக்குப் படம் போட்டபோது பின்வரிசைக்காரர்கள் அவரோடு சேர்ந்தே சொன்னார்கள்: "கரடி தொரத்திச்சி, அந்தக் கதையச் சொல்லட்டா?" மண்டபமே அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான்காவதில் தலைவி சிரிக்கவில்லை. ஏழாவது முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏழு நெலம். ஒரே ஆள், ஒரே ஓடை, ஒரே புளியமரம். எங்களை இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கீங்க?"

அந்தச் செல்லனே மண்டபத்தில்தான் இருந்தார். தடியை ஊன்றி எழுந்தார். "அம்மா, அது நான்தாங்க, அது என் நெலந்தாங்க. மத்தவங்க நெலத்துக்குள்ள நான் எப்புடிப் போனேன்னு எனக்கே தெரியலீங்க."

பெரியம்மாள் எழுந்தாள். "இது எங்கப்பாரு இல்லீங்க. எங்கப்பாரு இவ்ளோ பேச மாட்டாருங்க."

இதற்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

"உங்கப்பா எங்கம்மா?"

"செத்துட்டாருங்க. ஆனா சங்கத்து டப்பாவுல இருக்காருங்க. நான் கண்ணால பாத்தேன். அதோ, எங்க பெரியம்மா உக்காந்துக்கினு இருக்காங்க. அவங்களக் கேளுங்க, அவங்க சொல்லுவாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்தேன். ஜன்னல் காற்றில் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன்.

"அவங்க குடுத்ததத்தான் நாங்க ஏத்திக் குடுத்தோங்க மேடம்" என்றேன்.

ஒரே வாக்கியம். உட்கார்ந்துவிட்டேன். ஏழு மனுவையும் மோசடி என்று எழுதித் தள்ளுபடி செய்தார்கள். கரடிச் செல்லனுடைய உண்மையான மனுவும் அதோடு போயிற்று. விதைத்ததை அறுத்துக்கொள்ளலாம், அதன் பிறகு நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். ஆட்சேபம் இருந்தால் அறுபது நாளுக்குள் மாசியில் எடுத்த அசல் படத்தோடு மேல்மனு போடலாம், புதிதாக எடுத்தது செல்லாது என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பெரியம்மாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கச்சிராயபாளையம் வந்ததும், நான் இறங்க எழுமுன், ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை என் மடியில் வைத்தாள். கூட்டம் முடிந்ததும் தலைவிக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்ததாம்.

"நீ இன்னா பண்ணுவ பெரியம்மா. நாங்கதான் எதையோ மாத்திக்கினு பூட்டோம் போல. படிக்காத ஜனம்."

பழம் தேன் மாதிரி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயப்பிரகாஷ் வந்தான். கம்ப்யூட்டர் பழையபடி படுத்துக்கொண்டிருந்தது. டீ, டம்ளர், எல்லாம் பழையபடி. நான் எவ்வளவு சுத்தம் செய்து வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளே இருக்கிற சின்ன மின்விசிறியின் மேல் ஒரு கம்பளி மாதிரி தூசி. அதை அவன் விரலால் உரித்து எடுத்தான். முழுசாக, ஒரு அடை மாதிரி வந்தது. ஊதினான், துடைத்தான், மூடினான், பொத்தானை அழுத்தினான். நான் எழுந்து நிற்பதற்குள் திறந்துகொண்டது.

"சூடு ஏறித்தான்க்கா படுத்துக்கிச்சி. ஃபைலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பாருங்க, உள்ள முக்கா எடம் சும்மாத்தான் கெடக்குது. ஆமா, இன்னான்னா தூக்குனீங்க?"

சொன்னேன். எண் போட்ட நகல்களை எல்லாம் என்றேன். அவன் முகம் மாறியது. கூட்டத்தில் நடந்தது சங்கராபுரம் முழுக்கத் தெரியும், கரடிக் கதை டீக்கடை வரை போயிருந்தது.

"அக்கா, செல்லன் ரெண்டு, செல்லன் மூணு, அதையுமா தூக்குனீங்க?"

"ஒரே பேருதானேடா."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாவம். கொஞ்ச நேரம் கழித்து அவனே தெளிந்து, "பரவால்லக்கா, எடுத்துடலாம். அழிச்சா உடனே போயிடாது, உள்ளதான் இருக்கும். அது மேல வேற எதையாச்சும் ஏத்துனாத்தான் போவும். திங்கக்கெழம சாப்ட்வேர் எடுத்துக்கினு வர்றேன். அதுவரைக்கும் சிஸ்டத்தத் தொடாதீங்க. ஆறு செல்லனும் திரும்பி வந்துட்டா மேல்மனுல ஏழு பேரும் ஜெயிச்சிடுவாங்க" என்றான். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தான். நல்ல மனசு.

இப்போது நான் சொல்லப்போவதுதான் நீங்கள் எழுத வேண்டியது. அதுவரை நடந்ததை மறதி என்று சொல்லலாம், இரக்கம் என்று சொல்லலாம். இது அப்படியில்லை. தெளிவாக, பட்டப்பகலில், குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுச் செய்தது.

சனிக்கிழமை காலை ஆபீஸுக்குப் போனேன். சங்கத்துக்கு லீவு. சாவி என்னிடம்தான். என் தங்கை மகள் சுபஸ்ரீயின் கல்யாண வீடியோவைக் கொண்டுபோயிருந்தேன். மூன்று மணி நேரம் ஓடும். அதை ஏற்றினேன். மறுபடி ஏற்றினேன். கம்ப்யூட்டரில் ஒரு துளி இடம் இல்லாமல் நிறைகிற வரைக்கும் ஏற்றினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். மறுபடி நிரப்பினேன். மறுநாளும் போனேன். இரண்டு நாளில் மூன்று முறை நிரப்பி மூன்று முறை அழித்தேன். தூசி போன பிறகு என்ன வேகம் தெரியுமா. அந்தப் பழைய பெட்டி அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. நடுவில் மாப்பிள்ளை தாலி கட்டுகிற இடத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். சுபஸ்ரீ அழகாக இருந்தாள்.

ஏன் செய்தேன் என்றால், ஆறு செல்லன்கள் திரும்பி வந்தால் அவர்களோடு இன்னொன்றும் வரும். மண்டபத்தில் நான் எழுந்து சொன்ன அந்த ஒரு வாக்கியம் பொய் என்பது. ஏழு குடும்பத்துக்கும் தெரிந்துபோகும். அந்த ஜனங்களுக்கு நிலம்தான் போயிற்று. நம்பிக்கையும் போக வேண்டுமா? பெரியம்மாள் எனக்குக் கிழங்கு கொண்டு வந்தவள், பழம் கொடுத்தவள். என்னைப் பற்றி அப்படி ஒரு செய்தி கேட்டால் அவள் மனசு எவ்வளவு நோகும். அவளுக்காகத்தான்.

திங்கட்கிழமை ஜெயப்பிரகாஷ் நாள் முழுக்க உட்கார்ந்து தேடினான். செல்லன் என்று எதைத் தோண்டினாலும் உள்ளே கல்யாண மாப்பிள்ளைதான் வந்தான். ஏழெட்டு மாப்பிள்ளைக்குப் பிறகு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டீ வாங்கி வைத்திருந்தேன், அதையும் குடிக்காமல் போனான். அவன்தான் உங்களுக்கு எழுதியிருப்பான். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை.

அறுபது நாள் போன வியாழனோடு முடிந்தது. பெரியம்மாள் சாமையை அறுத்துவிட்டாளாம். விளைச்சல் கம்மி இல்லை என்று சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது.

இவ்வளவுதான் தம்பி. ஆறு பேரை அழித்தது நான். பொய் சொன்னது நான். திரும்பி வர இருந்தவர்களைத் தெரிந்தே புதைத்ததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஏன், நின்றுவிட்டதா? திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே. பதற்றப்படாதீர்கள் கண்ணு, இது எனக்குப் பழக்கம். கொஞ்சம் இப்படித் திருப்புங்கள், பார்க்கிறேன். ஓ, இதுதான் காரணம். பெரியம்மாள் என்று ஒரு ஃபைல், அதற்குக் கீழே பெரியம்மாள் இரண்டு என்று இன்னொரு ஃபைல். மேலே இருப்பது அவள் கொடுத்த புகாராக இருக்கும். நாலே வரி போல. அப்பாவைப் போலத்தான் அவளும், அதிகம் எழுதச் சொல்லத் தெரியாது. கீழே இருப்பது நான் இப்போது சொன்னது, எத்தனை பக்கம் பாருங்கள்.

ஒரே பெயரில் இரண்டு எதற்குத் தம்பி? பெரியதை வைத்துக்கொண்டு அந்தச் சின்னதைத் தூக்கிவிடுங்கள். சிஸ்டம் பறக்கும்.